முதல் ட்ரையத்லானுக்கு முன்னாடி எப்படி ஓய்வெடுக்கறது: டேப்பர் பத்தின முழு வழிகாட்டி

என்னோட முதல் ட்ரையத்லானுக்கு சரியா அஞ்சு நாள் முன்னாடி நான் பண்ண கூத்த முதல்ல சொல்லிடறேன். ரேஸ் வெறும் ஸ்பிரிண்ட் தூரம் தான், அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நாலு மாசமா ஒழுங்கா பயிற்சி பண்ணியிருந்தேன், ஆனா கடைசி வாரம் வந்ததும் உள்ளுக்குள்ள ஒரு பயம், நம்மளால முடியுமான்னு, சரி ஒரு தடவ செக் பண்ணிப் பார்த்துடலாம்னு ரெண்டு மணி நேரம் சைக்கிள் மிதிச்சு, இறங்கின கையோட 8 கிலோமீட்டர் ஓடிட்டு வந்தேன். முடிஞ்சுது, சூப்பரா முடிஞ்சுது, அன்னிக்கு ராத்திரி அவ்ளோ சந்தோஷம். ரேஸ் அன்னிக்கு சைக்கிள்ல 12வது கிலோமீட்டர்லயே தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஓட்டத்துல பாதி தூரம் நடந்தேன்.

அதாவது என்னோட ரேஸ நான் அஞ்சு நாள் முன்னாடியே ஓடி முடிச்சிட்டேன். பார்க்க ஆள் யாரும் இல்ல, மெடலும் இல்ல, அவ்ளோ தான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். டேப்பர்னா ரேஸுக்கு முந்தின கடைசி நாட்கள்ல பயிற்சிய குறைச்சு உடம்ப தயார் பண்றது.

டேப்பர்ல உடம்புக்குள்ள என்ன நடக்குது

பயிற்சி பண்ணும்போது உடம்புல ரெண்டு விஷயம் ஒண்ணா ஏறுது. ஒண்ணு திறன், இன்னொண்ணு களைப்பு. 1970கள்ல எரிக் பானிஸ்டர்ங்கிற ஆராய்ச்சியாளர் இத ஒரு கணக்காவே போட்டுக் காட்டினார்: திறன் மெதுவா ஏறி மெதுவா இறங்கும், களைப்பு வேகமா ஏறி வேகமா இறங்கும். அதுலருந்து வந்த கணக்குகள்ல இப்ப வழக்கமா எடுத்துக்கற அளவு களைப்புக்கு சுமார் 7 நாள், திறனுக்கு சுமார் 42 நாள். டேப்பர்ங்கிறது இந்த வித்தியாசத்த பயன்படுத்திக்கறது தான். பயிற்சிய குறைச்சா களைப்பு மளமளன்னு வடியும், திறன் லேசா தான் குறையும், அந்த இடைவெளியில ரேஸ் வந்து உக்காரணும்.

அதனால கடைசி பத்து நாள்ல என்ன தான் உயிரக் கொடுத்து பயிற்சி பண்ணாலும் அது ரேஸ் அன்னிக்கு திறனா மாறி வராது, உடம்பு அத வாங்கி சேர்த்து வச்சுக்க அதவிட நாள் ஆகும். களைப்பு மட்டும் கரெக்டா வந்து நிக்கும். சட்டியில இருக்கறது தான் அகப்பையில வரும், சட்டிய நிரப்பற வேலை எப்பவோ முடிஞ்சு போச்சு.

குறைக்கிற நாட்கள்ல உடம்பு சும்மா இருக்கறதில்ல. தசையில கிளைகோஜன், அதாவது உடம்பு சேர்த்து வச்சுக்கற மாவுச்சத்து எரிபொருள், நிரம்புது, சின்னச் சின்ன சேதமெல்லாம் சரியாகுது, வேகமா சுருங்குற தசை நார்களுக்கு பழைய பலம் திரும்புது. பலன் எவ்ளோன்னா, 2000 சிட்னி ஒலிம்பிக்ஸுக்கு போன 99 நீச்சல் வீரர்களோட நேரத்த வச்சுப் பார்த்ததுல, போட்டிக்கு முந்தின கடைசி மூணு வாரத்துல சராசரியா 2.2 சதவீதம் முன்னேற்றம் வந்திருந்துச்சு. கேக்க கம்மியா தெரியும். ஆனா ஒன்றர மணி நேர ரேஸ்ல 2 சதவீதம்னா கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம், அதுவும் உக்காந்து ரெஸ்ட் எடுத்ததுக்கு!

எத்தனை நாள் வேணும்

ஸ்பிரிண்ட் தூரத்துக்கு 7 முதல் 10 நாள். ஒலிம்பிக் தூரம்னா, அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம்னா, 10 முதல் 14 நாள். இதவிட ரொம்ப நீளமான அரை அயர்ன்மேன் தூரத்துக்கு ரெண்டு வாரம், முழுசுக்கு ரெண்டுலருந்து மூணு வாரம், ஆனா முதல் ரேஸே முழு தூரம்னு எறங்கினவங்க கிட்ட நான் எதுவும் சொல்றதுக்கில்ல, நீங்க வேற ரகம்.

இதுல நிறைய பேர் கவனிக்காம விடற ஒரு விஷயம் இருக்கு. டேப்பர் களைப்ப வடிக்கத் தான், களைப்பே இல்லாதவனுக்கு வடிக்க என்ன இருக்கு? வேலை, வீடுன்னு வாரத்துக்கு மூணு மணி நேரம் தான் பயிற்சி கிடைச்சுதுன்னா உங்களுக்கு ரெண்டு வார டேப்பர் தேவையே இல்ல, கடைசி 5, 6 நாள் குறைச்சா போதும். அதே மாதிரி மூணு வாரம் முன்னாடி காய்ச்சல்ல படுத்து பத்து நாள் பயிற்சி விட்டுப்போயிருந்தா, அதுவே ஒரு ரெஸ்ட் தான், அதுக்கு மேல இன்னொரு பெரிய டேப்பர் வேணாம். வாரத்துக்கு 6, 8 மணி நேரம்னு விடாம போனவங்களுக்குத் தான் முழு டேப்பர்.

எத குறைக்கணும், எத தொடக் கூடாது

முக்கியமான பகுதி இது தான், இத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலும் போதும்.

பயிற்சியில மூணு பிடி இருக்கு. எவ்ளோ நேரம் பண்றோம், எவ்ளோ வேகமா பண்றோம், வாரத்துக்கு எத்தனை தடவ பண்றோம். டேப்பர்ல திருகிக் குறைக்க வேண்டியது முதல் பிடிய மட்டும் தான். 2007ல லோரான் பொஸ்கேங்கிற ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் 27 ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க, ரெண்டு வாரத்துல பயிற்சி அளவ 41லருந்து 60 சதவீதம் வரைக்கும் குறைச்சு, வேகத்தையும் தடவையையும் அப்படியே வச்சுக்கிட்டவங்களுக்குத் தான் பலன் அதிகமா கிடைச்சிருந்துச்சு.

ஆனா நடைமுறையில எல்லாரும் இத தலகீழா பண்றாங்க. டேப்பர்னா மெதுவா ஓடறதுன்னு நினைச்சு, அதே ஒரு மணி நேரத்த ஆமை வேகத்துல ஓடுவாங்க. நேரம் குறையல, வேகம் மட்டும் போச்சு, ரெண்டு வாரம் இப்படி ஓடினா கால் அந்த மந்தமான வேகத்துக்கே பழகிடும். நான் என்னோட ரெண்டாவது ரேஸுக்கு இதவிட பெரிய தப்பு பண்ணேன், முதல் தடவ பட்ட சூட்டுல இந்தத் தடவ எட்டு நாள் ஷூவையே தொடல. ரேஸ் அன்னிக்கு களைப்பு சுத்தமா இல்ல, ஆனா உடம்பு தூங்கிக்கிட்டு இருந்துச்சு, தண்ணிக்குள்ள எறங்கினா கை எங்கயோ போகுது, தண்ணிய பிடிக்கவே மாட்டேங்குது, மூச்சு 200 மீட்டர்லயே வாங்குது. முழுசா நிறுத்தினா சில நாள்லயே ரத்தத்துல பிளாஸ்மாங்கிற திரவத்தோட அளவு குறைய ஆரம்பிச்சிடும், இதயத்துடிப்பு அதே வேகத்துக்கு கொஞ்சம் கூடவே அடிக்கும். அதனால சுருக்கமா, அடிக்கடி, நடுவுல கொஞ்சம் சுறுசுறுப்பா. இது தான் டேப்பர்.

மூணு விளையாட்டையும் ஒரே மாதிரி குறைக்கக் கூடாதுங்கறதையும் சேர்த்துக்கங்க. ஓட்டம் தான் உடம்ப அதிகமா அடிக்கறது, ஒவ்வொரு அடியிலயும் உடம்பு எடையப் போல ரெண்டு மூணு மடங்கு விசை தரையிலருந்து திரும்பி வருது, அதனால ஓட்டத்த தான் முதல்ல குறைக்கணும், அதிகமா குறைக்கணும். சைக்கிள் அடுத்தது. நீச்சல கடைசி வரைக்கும் விடாதீங்க, மூட்டுக்கு அடி கிடையாது, அதோட தண்ணி மேல இருக்கற அந்தப் பிடி இருக்கே, அது மூணு நாலு நாள் விட்டாலே நழுவற மாதிரி இருக்கும், முக்கியமா பெரியவங்களானப்புறம் நீச்சல் கத்துக்கிட்டவங்களுக்கு. 20 நிமிஷம் போனாலும் பரவால்ல, போயிட்டு வாங்க.

ஜிம்ல வெயிட் தூக்கறவங்க கடைசி கனமான செஷன ரேஸுக்கு 10 நாள் முன்னாடியே முடிச்சிடுங்க. தசை வலி ஒண்ணுலருந்து மூணு நாள் வரைக்கும் இழுக்கும், கால் ஸ்குவாட் போட்டுட்டு மாடிப்படி எறங்க முடியாம நின்ன அனுபவம் உங்களுக்கே இருக்கும்.

ரேஸுக்கு முந்தின ரெண்டாவது வாரம்

உதாரணத்துக்கு நீங்க உச்ச வாரத்துல 6 மணி நேரம் பயிற்சி பண்றீங்கன்னு வச்சுப்போம். இந்த வாரம் 4 மணி நேரம். கடைசி பெரிய பிரிக், அதாவது சைக்கிள் முடிச்ச உடனே ஓடற பயிற்சி, இந்த வாரம் தொடங்கறதுக்கு முன்னாடி வர வாரக் கடைசியிலயே முடிஞ்சிருக்கணும். நீளமான செஷன்கள மூணுல ஒரு பங்கு வெட்டுங்க. 90 நிமிஷ சைக்கிள் 60 ஆகட்டும், 60 நிமிஷ ஓட்டம் 40 ஆகட்டும். அதுக்குள்ள ரேஸ் வேகத்துல வர துண்டுகள அப்படியே வச்சுக்கங்க, ஆனா எண்ணிக்கைய குறைச்சுக்கங்க, 6 தடவ பண்ண இடத்துல 4.

இந்த வாரத்துல களைப்பு கூடின மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, இத்தன நாள் அழுத்தி வச்சிருந்தது மேல வருது.

சைக்கிள சர்வீஸுக்கு விடணும்னா இந்த வாரம் தான் கரெக்ட். புது டயர், புது செயின், புது பிரேக் பேட் எது போட்டாலும் ரேஸுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவ ஓட்டிப் பார்க்க நாள் இருக்கணும். ரேஸுக்கு முந்தின நாள் கியர் டியூன் பண்ணிக்கிட்டு வந்து ரேஸ்ல செயின் நழுவி ஓரமா நின்னவங்கள நிறைய பார்த்தாச்சு.

ரேஸ் வாரம், நாள் நாளா

ரேஸ் ஞாயிறுன்னு வச்சுக்கிட்டு சொல்றேன், உங்க நாளுக்கு ஏத்த மாதிரி நகர்த்திக்கங்க. மொத்தம் மூணு மணி நேரத்துக்குள்ள அடங்கணும்.

திங்கள்: லீவு. கை கால் பரபரன்னா 20 நிமிஷம் ஜாலியா நீந்துங்க.

செவ்வாய்: நீச்சல் 30 நிமிஷம். நடுவுல 50 மீட்டர் நாலு தடவ வேகமா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்லா மூச்சு வாங்கிக்கங்க. தலைய தூக்கி முன்னாடி பார்த்து நீந்தறதையும் சேர்த்துக்கங்க, ஏரியிலயோ கடல்லயோ அடியில கோடு போட்டு வச்சிருக்க மாட்டாங்க.

புதன்: வாரத்துலயே முக்கியமான நாள். சைக்கிள் 40 நிமிஷம், உள்ள 3 நிமிஷம் ரேஸ் வேகத்துல மூணு தடவ. இறங்கி 10 நிமிஷம் ஓட்டம், அவ்ளோ தான், 11வது நிமிஷம் வேணாம். இன்னும் ஓடணும் போல இருக்கும், அந்த ஆசையோடவே வீட்டுக்கு வாங்க. ஆசைய மிச்சம் வைக்கறது தான் இந்த வாரத்தோட வேலையே.

வியாழன்: ஓட்டம் 20 நிமிஷம், உள்ள 1 நிமிஷம் வேகமா நாலு தடவ. முடிஞ்சா காலையிலயோ சாயங்காலமோ 20 நிமிஷம் நீச்சல்.

வெள்ளி: முழு லீவு. ஊர் விட்டு ஊர் போறதா இருந்தா பயணத்த இன்னிக்கு வச்சுக்கங்க. ரொம்ப நேரம் உக்காந்து வந்தா மணிக்கு ஒரு தடவ எழுந்து நடங்க.

சனி: இது பலருக்கு ஆச்சரியமா இருக்கும், முந்தின நாள் முழுசா படுத்துக்கிடக்கறத விட கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கறது நல்லது. சைக்கிள் 20 நிமிஷம், அதுல 20 செகண்ட் சுருக்குன்னு மிதிக்கறது மூணு நாலு தடவ. 10 நிமிஷம் மெதுவா ஓட்டம். சைக்கிள் ஓட்டறது உடம்புக்கு மட்டுமில்ல, கழட்டி மாட்டின சைக்கிள் ஒழுங்கா இருக்கான்னு தெரிஞ்சுக்கவும் தான். அதுக்கப்புறம் எக்ஸ்போ, ஸ்டால்னு நாலு மணி நேரம் நின்னுக்கிட்டே சுத்தாதீங்க, நம்பர வாங்கினமா, சைக்கிள ராக்ல வச்சமா, ரூமுக்கு வந்து கால நீட்டினமான்னு இருங்க.

சாப்பாடு

ரேஸ் 90 நிமிஷத்துக்குள்ள முடியும்னா தனியா கார்போ லோடிங்னு, அதாவது ரேஸுக்கு முன்னாடி மாவுச்சத்த கூட்டி சாப்பிடறதுன்னு, ஒண்ணு தேவையில்ல. பயிற்சி குறைஞ்சிருக்கு, வழக்கம் போல சாப்பிடறீங்க, கிளைகோஜன் தானா நிரம்பிடும். அதுக்கு மேல போற ரேஸுக்கு விளையாட்டு உணவியல்ல சொல்ற அளவு, கடைசி 36லருந்து 48 மணி நேரத்துல, உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிராம் கார்போஹைட்ரேட். 70 கிலோ ஆளுக்கு 700 கிராமுக்கு மேல. நெஜமா சொல்றேன், இது மலை மாதிரி சாப்பாடு, பழக்கம் இல்லாதவங்க முதல் ரேஸுக்கே இத முயற்சி பண்ணா வயிறு ஊதிக்கிட்டு தான் நிப்பீங்க. என்னோட கருத்து, கிலோவுக்கு 7, 8 கிராமோட நிறுத்திக்கங்க, சோறு, பிரட், உருளைக்கிழங்கு, வாழைப்பழம்னு தெரிஞ்ச சாப்பாட்டுலயே தட்டுல மாவுச்சத்த கூட்டி, கொழுப்பையும் நார்ச்சத்தையும் கடைசி நாள் கொஞ்சம் குறைச்சுக்கங்க.

இந்த வாரம் எடை மெஷின் மேல ஏறாதீங்க. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், அதனால ஒரு கிலோ, ஒன்றர கிலோ கூடி காட்டும். அது கொழுப்பு இல்ல, பெட்ரோல். அதப் பார்த்து பயந்து சாப்பாட்ட குறைச்சவங்கள எனக்குத் தெரியும், டேங்க்க நிரப்பி வச்சு திரும்ப உறிஞ்சி எடுக்கற மாதிரி.

தண்ணி விஷயத்துல, சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா போதும். லிட்டர் லிட்டரா வெறும் தண்ணிய குடிச்சா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகும், அது ஆபத்து.

தூக்கம்

ரேஸுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது. வரும்னு எதிர்பார்க்காதீங்க, அலாரம் 3:30க்கு வச்சுட்டு 2 மணிலருந்து மணியையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. அதுக்கு ஒரே வழி, அந்த வாரம் முழுக்க தினமும் அர மணி நேரம், ஒரு மணி நேரம் முன்னாடியே படுத்து சேர்த்து வச்சுக்கறது. குறிப்பா அதுக்கும் முந்தின ராத்திரிய, நம்ம கணக்குல வெள்ளி ராத்திரிய, யாருக்கும் விட்டுக்கொடுக்காதீங்க. வாரம் நல்லா தூங்கியிருந்தா ஒரு ராத்திரி போனா உடம்பு பெருசா கண்டுக்காது. மதியத்துக்கு மேல காபி வேணாம், குடிச்ச காஃபீன்ல பாதி வெளியேறவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும்.

தலைக்குள்ள நடக்கற கூத்து

டேப்பர்ல உடம்ப விட மனசு தான் படுத்தும். எனக்கு மூணாவது ரேஸுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை வலது முழங்கால் வலிச்சுது, ஐஸ் வச்சேன். புதன்கிழமை அது இடது முழங்காலுக்கு மாறிடுச்சு. வியாழக்கிழமை குதிகால். நெஜமான காயம் இப்படி வீடு மாறாது, ஒரே இடத்துல உக்காந்து நாளுக்கு நாள் கூடும், நொண்ட வைக்கும். சுத்திக்கிட்டே இருக்கற வலி பெரும்பாலும் வேலையில்லாத மூளை பார்க்கற வேலை. தொண்டை கரகரப்பு, எரிச்சல், வீட்டுல இருக்கறவங்க மேல காரணமில்லாம கோவம், இதெல்லாமும் இதே கணக்கு தான்.

நெஜமாவே ஜலதோஷம் வந்துட்டா? கழுத்துக்கு மேல மட்டும், அதாவது மூக்கு ஒழுகறது, லேசா தும்மல்னா மெதுவா அசையலாம். காய்ச்சல், நெஞ்சுல சளி, உடம்பு வலின்னா ரேஸ விடுங்க, காய்ச்சலோட இதயத்த அந்த அளவுக்கு ஓட்டறது விளையாட்டு இல்ல, டாக்டர பாருங்க. சின்ன வலிக்கு இபுப்ரொஃபேன் போட்டுக்கிட்டு ரேஸ் பண்றதும் வேணாம், கிட்னிக்கும் வயித்துக்கும் கெடுதல்.

மசாஜ் பழக்கம் இருந்தா மெதுவா பண்ணிக்கங்க. அழுத்தி எடுக்கறதெல்லாம் கடைசி மூணு நாள் வேணாம்.

மிச்சமான நேரத்த என்ன பண்றது

வாரத்துல மூணு மணி நேரம் திடீர்னு கையில கிடைக்கும், அதுல தோட்டம் கொத்தறேன், அலமாரிய நகர்த்தறேன்னு ஆரம்பிக்காதீங்க. அதுக்கு பதிலா களைப்பே தராத ஒரு பயிற்சி இருக்கு, மாறுற இடத்துல பண்ற வேலை. நீச்சல்லருந்து சைக்கிளுக்கு, சைக்கிள்லருந்து ஓட்டத்துக்கு.

நான் ஹால்ல ஒரு துண்ட விரிச்சு, ஹெல்மெட், கண்ணாடி, ஷூ, நம்பர் பெல்ட் எல்லாம் வரிசையா வச்சு, குளிச்சிட்டு துடைக்காம வந்து நின்னு பழகினேன், வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க, சிரிக்கட்டும். ஈரத்தோட பண்ணும்போது தான் தெரிஞ்சுது, நனைஞ்ச உடம்புல டி-ஷர்ட் ஏறவே ஏறாது, முதுகுல பாதியில சுருண்டு நிக்கும். ஈரக் கையில ஹெல்மெட் கொக்கி மூணு தடவ வழுக்கும். ராக்லருந்து சைக்கிள எடுக்கறதுக்கு முன்னாடி ஹெல்மெட் கொக்கி மாட்டியிருக்கணும்ங்கறது விதி, மாட்டாம எடுத்தா பெனால்ட்டி. தினமும் அஞ்சு தடவன்னு நாலு நாள் பண்ணதுல எனக்கு மட்டுமே ஒரு நிமிஷத்துக்கு மேல மிச்சமாச்சு. அதே வாரம் ஓடி சம்பாதிக்க முடியாத ஒரு நிமிஷம் அது. ஷூவுக்கு இலாஸ்டிக் லேஸ் போட்டு, சாக்ஸ் போடறதா வேணாமான்னும் இங்கயே முடிவு பண்ணிக்கங்க.

ரேஸ் காலை

ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி பயிற்சியில சாப்பிட்டுப் பழகின அதே சாப்பாடு. டயர்ல காத்த தொட்டுப் பாருங்க, சைக்கிள லேசான கியர்ல வச்சுடுங்க, கிளம்பும்போது மிதிக்க திணறக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் மெல்ல ஓட்டம், தண்ணிக்குள்ள விட்டாங்கன்னா சில நிமிஷம் நீந்தி முகத்த நனைச்சுக்கங்க, குளிர்ந்த தண்ணி மூஞ்சியில முதல் தடவ பட்டா மூச்சு பிடிக்கும், அது ரேஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே ஆகட்டும்.

டேப்பர் சரியா அமைஞ்சிருந்தா முதல் 200 மீட்டர் ரொம்ப சுலபமா இருக்கும், சைக்கிள்ல பறக்கலாம் போல தோணும். ரெண்டு வாரமா கட்டி வச்ச கன்னுக்குட்டி மாதிரி துள்ளும். அத நம்பாதீங்க, முதல் பாதிய கொஞ்சம் பிடிச்சே ஓட்டுங்க.

டேப்பரே பண்ணல, நாலு நாள் தான் இருக்குன்னா

இப்பவே நிறுத்திடாதீங்க, ஆனா எல்லாத்தையும் பாதிக்கும் கீழ வெட்டுங்க. இன்னிக்கு 30 நிமிஷ சைக்கிள், உள்ள ரெண்டு தடவ 3 நிமிஷம் ரேஸ் வேகம். நாளைக்கு 20 நிமிஷ நீச்சல். நாளான்னிக்கு லீவு. முந்தின நாள் மேல சொன்ன அந்த சின்ன அசைவு. விட்டுப்போன நீள ஓட்டத்த இந்த நாலு நாள்ல ஈடு கட்டலாம்னு மட்டும் ஷூ லேஸ கட்டாதீங்க, அந்த ஓட்டத்த நான் ஏற்கனவே உங்களுக்கும் சேர்த்து ஓடிட்டேன்.